காலின்னா நாளைக்கு!

கோடை விடுமுறைக்கு ஒரு காலத்தில் நிரந்தர விலாசம் இருந்தது: பாட்டி வீடு. பரீட்சை முடிந்த மறுநாளே ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கூஜா, ஜன்னல் ஸீட்டுக்கு ஓர் அடிதடி என்று கிளம்பிப் போய், ஒன்றரை மாதம் கழித்துக் கறுத்து, இளைத்து, முழங்காலில் ரெண்டு காயத்தோடு திரும்பி வருவோம். (இளைத்து என்பது அம்மாவின் அபிப்பிராயம். டிராயர் பட்டன் வேறு மாதிரி சொல்லும்.)

நான் குப்பை கொட்டுகிற ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பிரதேசத்தில் அந்த விலாசம் செல்லாது. இங்கே அப்பாக்களின் லீவை ஆண்டவன் தீர்மானிப்பதில்லை, புரொடக்‌ஷன் பிளானிங் தீர்மானிக்கிறது. மெஷின்களுக்கு எப்போது எண்ணெய் போட்டு ஓய்வு கொடுக்கிறார்களோ, அப்போதுதான் மனிதர்களுக்கும் ஓய்வு. அது பெரும்பாலும் பள்ளிக்கூடம் திறக்கிற சமயமாகப் பார்த்து வரும். ஆகவே எங்கள் ஏரியாக் குழந்தைகளுக்கு விடுமுறை என்றால் வீடு, மொட்டை மாடி, மறுபடி வீடு.

ஊரைப் பற்றி ரெண்டு வரி சொல்லிவிடுகிறேன். 1996-ல் கொரியாவிலிருந்து ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தது; 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா வந்து ஊரெல்லாம் செல்போனாக அடுக்கி, 2014-ல் கதவைச் சாத்திக்கொண்டு போனது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ - நிஸானும் அப்போலோ டயரும், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் புல்லட் வண்டி ராயல் என்ஃபீல்டு. 2015-ல் வல்லம் வடகாலில் யமஹா. இப்போது ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றுகொண்டு கண்ணை மூடிக் கல்லெறிந்தால் ஏதாவதொரு வெளிநாட்டுக் காம்பவுண்டுக்குள்தான் விழும். செக்யூரிட்டி அந்தக் கல்லுக்கும் கேட் பாஸ் கேட்பார்.

இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டால், இந்தப் பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனியின் ஸ்டோர்ஸில். நட்டு, போல்ட்டு, வாஷர் எண்ணுகிற உத்தியோகம். ஒரு வாஷர் குறைந்தாலும் கம்ப்யூட்டர் சிவப்பில் கத்தும். எங்கள் ஸ்டோர்ஸில் நம்பர் இல்லாத பொருள் என்று ஒன்று கிடையாது, டீ கொண்டுவரும் பையனின் பிளாஸ்க் உட்பட.

என் ஒன்பது வயசு மகளுக்கு இந்த எண்ணுகிற வியாதி பரம்பரையாக வந்திருக்க வேண்டும். நாலாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலமே ஒரு பழைய டைரியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் சாலை தெரியும். புதுக் கார்களை முதுகில் அடுக்கிக்கொண்டு, ரயில் பெட்டி நீளத்துக்குப் போகிற கேரியர் லாரிகள் தெரியும். ராத்திரி சாப்பிடும்போது ரிப்போர்ட் சமர்ப்பித்தாள்:

"வெள்ளை நாப்பத்தொண்ணு, சிவப்பு ஏழுப்பா. சிவப்பு ஏன் இவ்ளோ கம்மி?"

"ஜனங்களுக்கு வெள்ளைதான் பிடிக்குதாம்."

"எல்லாரும் வெள்ளையே வாங்கினா, கோயிலுக்குப் போயிட்டு வந்து யார் கார் எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

இந்தக் கேள்வியை மார்க்கெட்டிங் ஆசாமிகளுக்கு அனுப்பலாம். அவளுக்குப் 'போரடிக்குது' என்ற வார்த்தையே வராது. அது ஒரு கொடுப்பினை. மற்ற வீடுகளில் பிள்ளைகளைச் சம்மர் கேம்ப்பில் போட்டு, அபாகஸ், ஸ்கேட்டிங், கையெழுத்து என்று பதம் பண்ணுகிறார்கள். இவள் தானே கேம்ப், தானே வாத்தியார், தானே அட்டெண்டன்ஸ்.

நாலாம் நாள் ரிப்போர்ட்டில் கார் கணக்கு இல்லை.

"எனக்கு ஒரு ஃபிரெண்டு கிடைச்சிருக்கா. அவளும் கார் எண்றா. ஆனா வேற மாதிரி எண்றா."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீடு. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு அறை வரிசையாக, மேலே சிமென்ட் ஷீட், கடைசியில் பொதுக் குழாய். நிலத்தை விற்ற பணத்தில் பெரியவர் ஒருவர் கட்டினார். முன்பு அங்கே நெல் விளைந்தது. இப்போது வாடகை விளைகிறது, முப்போகம். ஒரு அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். முதல் ஷிப்ட் ஆள் எழுந்து போன கட்டிலில் ராத்திரி ஷிப்ட் ஆள் வந்து படுப்பான். கட்டில் ஆறவே ஆறாது. பீகார், அஸ்ஸாம், ஜார்க்கண்ட், ஒடிசா என்று அகில இந்திய வானொலி மாதிரி எல்லா பாஷையும் ஒரே குழாயடியில் ஒலிபரப்பாகும்.

எல்லாம் தனி ஆட்கள்தான் என்பது தெருவின் எண்ணம். கடைசி அறையில் மட்டும் ஒரு குடும்பம். ஒடிசாவில் பிரம்மபூர் பக்கத்து கிராமம். அப்பா ஒரு காண்ட்ராக்டர் மூலம் வேலை, அம்மா ஒரு பேக்கிங் கம்பெனியில். அவர்களுக்கு ஒன்பது வயசில் ஒரு பெண், ரெண்டரை வயசில் ஒரு பையன். பையன் எப்போதும் அக்காவின் இடுப்பில் இருப்பான். முதல் பார்வைக்கு அவளுக்குப் பிறவியிலேயே ரெண்டு தலையோ என்று தோன்றும்.

என் மகள் மாடியிலிருந்து "எத்தனை?" என்று கத்தியிருக்கிறாள். கீழே இருந்தவள் தம்பியை இடுப்பு மாற்றிக்கொண்டு, ஒரு கையை விரித்து ஐந்து விரல், அப்புறம் ரெண்டு விரல் காட்டியிருக்கிறாள். சிவப்பு ஏழு. ரெண்டு பேர் கணக்கும் டாலியாகிவிட்டது. எங்கள் கம்பெனியில் ஸ்டோர்ஸுக்கும் அக்கவுன்ட்ஸுக்கும் பதினோரு வருஷமாக டாலியாகவில்லை; அது வேறு கதை.

அதற்கப்புறம் என் மனைவி சொன்ன வாக்கியம்: "ஏங்க, நமக்கு மொத்தம் மூணு குழந்தைங்க. தெரிஞ்சுக்குங்க."

விளையாட்டுச் சாமான் வாங்க எங்கள் ஊரில் காசு வேண்டாம். கம்பெனிகள் கழித்துப் போடுகிற அட்டைப் பெட்டி, தெர்மோகோல், பபிள் ஷீட் போதும். அந்தப் பபிள் ஷீட் இருக்கிறதே, ஜப்பான் மெஷினைப் பொத்திப் பொத்திக் கொண்டுவரக் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை ஸார். ஒரு குமிழைக் கட்டைவிரலால் 'டப்'பென்று உடைக்கத்தான். ரெண்டு பெண்களும் ஒரு முழ ஷீட்டை ஒரு மத்தியானம் முழுக்க உடைத்தார்கள். பிறகு பெரிய அட்டைப் பெட்டிகளை அடுக்கி ஒரு வீடு. சுவரில் ஒயின் கிளாஸ் படம், குடைப் படம், 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறி. அம்புக்குறி கீழே பார்த்திருந்ததால் அது தலைகீழ் வீடு என்று சட்டம் போட்டார்கள். அதற்குள் போகிறவர்கள் கேள்விக்குப் பதிலை முதலில் சொல்லிவிட்டு, கேள்வியை அப்புறம்தான் கேட்க வேண்டும். நான் குனிந்து நுழைந்து "சாப்பிட்டாச்சு" என்றேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அஞ்சாங்கல்லுக்குப் பாஷை வேண்டாம். பாண்டிக்கும் வேண்டாம். கட்டம் போட ஒரு ஓட்டாஞ்சில்லு போதும். தம்பி அம்பயர். யாராவது கோட்டை மிதித்தால் கை தட்டுவான், மிதிக்காவிட்டாலும் தட்டுவான்.

பாஷை வேண்டியிருந்தது பேச்சுக்குத்தான். அவளுக்குத் தெரிந்த தமிழ் மளிகைக் கடைத் தமிழ். "அண்ணா, அரைக் கிலோ", "பாக்கி குடு" ரெண்டும் சுத்தமாக வரும். என் மகள் கார் டைரியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து அகராதி எழுத ஆரம்பித்தாள். பாணி என்றால் தண்ணீர். பல என்றால் நல்லது. ஸாங்கோ என்றால் சிநேகிதி. இருங்காட்டுக்கோட்டைக்கு வரும் கொரியாக்காரர்கள் வீட்டில் அப்பாவை அப்பா என்றே கூப்பிடுகிறார்கள் என்று நான் என் பங்குக்கு ஒரு தகவல் கொடுத்தேன். "அவங்க எங்களோட வெளாட வரலையே" என்று அதைத் தள்ளுபடி செய்துவிட்டாள். அகராதி என்றால் அப்படி ஒரு கட்டுப்பாடு வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு கண்டுபிடிப்பு. ஒருநாள் அந்தப் பெண் சின்னத் தூக்கில் மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தாள். நீர் ஊற்றிப் புளித்த சாதம், தொட்டுக்கொள்ள வெங்காயம், பச்சை மிளகாய். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அட, நம்ம பழையது!" என்றாள். ஒடிசாவில் அதற்குப் பகாளா என்று பெயர். நாம் பழையதைச் சாப்பிட்டதாக வெளியே சொல்லக் கூச்சப்படுகிறோம். அவர்கள் மார்ச் 20-ம் தேதியைப் பகாளா தினம் என்று கொண்டாடுகிறார்கள். பூரி ஜகந்நாதருக்கே அது நைவேத்தியம். நம் கல்யாணப் பந்தியில் தயிர் சாதம் திடீரென்று அந்தஸ்து கூடி 'பகாளாபாத்' என்று வருமே, அது இதற்கு ஒன்றுவிட்ட உறவோ என்னவோ, பண்டிதர்கள் தீர்க்கட்டும். எங்கள் வீட்டில் அன்றைக்கு மிக்ஸ்டு ரைஸ் ரத்தாகி ஆளுக்கொரு கும்பா பழையது ஓடியது.

சித்திரைத் திருவாதிரை உற்சவம் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் ராமாநுஜர் பிறந்த ஊர், 1017-ல். மூணு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். கூட்டத்தில் அந்தப் பெண் என் மனைவியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "இது யார் ஊர் சாமி?" என்று கேட்டாள். எனக்குப் பிரசங்கம் பண்ண ஒரு வாய்ப்பு. விடுவேனா?

ராமாநுஜர் பூரிக்குப் போனதாகக் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. அங்கே அவர் ஏற்படுத்தியதாகச் சொல்லப்படும் எமார் மடம் ஜகந்நாதர் கோயில் வாசலருகிலேயே நெடுங்காலம் இருந்தது. 2011-ல் அந்த மடத்தில் 500-க்கும் மேற்பட்ட வெள்ளிப் பாளங்கள் கிடைத்து ஊரே வாயைப் பிளந்தது. 2019-ல் கோயிலைச் சுற்றி இடம் விட வேண்டுமென்று கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அதாவது, இந்த ஊர்க்காரர் ஒருத்தர் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தியே உங்கள் ஊருக்கு வந்திருக்கிறார் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் என் மகள் மொழிபெயர்த்துவிட்டாள்:

"இவர் உங்க ஊருக்கு வந்தாராம். அதான் நீ எங்க ஊருக்கு வந்திருக்கே. கணக்கு சரியாப் போச்சு."

இந்தச் சுருக்கம் எனக்கு வராது. உபந்நியாசக்காரர்கள் யாருக்கும் வராது.

ராமாநுஜருக்கும் ஒரு விளையாட்டுத் தோழன் உண்டு. சித்தி மகன், கோவிந்தன். சுங்குவார்சத்திரம் பக்கத்து மதுரமங்கலம். குருகுலத்தில் சேர்ந்து படித்தவர்கள். குருவோடு காசிக்குப் போகிற வழியில் ராமாநுஜரின் உயிருக்கே வைத்த உலையை முன்கூட்டிச் சொல்லித் தப்பவைத்தவன் அந்தக் கோவிந்தன்தான் என்பது கதை. பிற்பாடு எம்பார் என்று பெரிய ஆளானார். மதுரமங்கலம் வழியாகக் கம்பெனி பஸ் போகும்போது யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. முதல் ஷிப்ட் தூக்கம் அப்படி.

ஆச்சா? இப்போது 'காலி'க்கு வருகிறேன்.

மே மாதம் நடுவில் ஒருநாள் நான் வீடு திரும்பினபோது மாடியில் சத்தமில்லை. மகள் சோபாவில் குப்புறக் கிடந்தாள். டைரி மூடிக்கிடந்தது. ஐஸ் வாங்கித் தருகிறேன் என்றேன். திரும்பவில்லை. அவள் ஐஸுக்குத் திரும்பவில்லை என்றால் டாக்டரைத்தான் கூப்பிட வேண்டும்.

"அவ காலி பண்றாளாம்ப்பா."

இந்த ஏரியாவில் அது சாதாரண வார்த்தை இல்லை. சாயங்காலம் குழாயடியில் இருபது பேர் இருப்பார்கள். ராத்திரி காண்ட்ராக்டர் போன் பண்ணுவார். விடியும்போது அறைக்கதவுகள் திறந்து கிடக்கும். உள்ளே ஒரு உடைந்த பக்கெட்டும் சுவரில் போன வருஷக் காலண்டரும் இருக்கும். ஆர்டர் முடிந்தது, ஆட்களை ஓசூருக்கு மாற்றியாச்சு, புனேவுக்கு மாற்றியாச்சு. வீட்டுக்காரப் பெரியவர் கேட்டில் 'ரூம் காலி' அட்டையைத் தொங்கவிடுவார். புதுசாக எழுதவே மாட்டார். அட்டையின் ஒரு பக்கம் 'ரூம் காலி', மறுபக்கம் 'ரூம் இல்லை'. திருப்பினால் போதும்.

ஆர்.கே. நாராயண் 1935-ல் எழுதின 'ஸ்வாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' ஞாபகம் வந்தது. தூர்தர்ஷனில் 'மால்குடி டேஸ்' பார்த்தவர்களுக்கும் தெரியும். புதுசாக வந்து சேர்ந்த சிநேகிதன் ராஜம். அப்பா போலீஸ் அதிகாரி. கடைசியில் அவருக்கு மாற்றல் வந்து ராஜம் ரயிலேறிவிடுவான். ஸ்வாமி பிளாட்பாரத்தில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு நிற்பான். ராஜத்தின் அப்பாவுக்காவது மாற்றல் உத்தரவு என்று ஒரு காகிதம் வந்திருக்கும். லைன் வீட்டுக்கு வருவது மிஸ்டு கால்.

என் மனைவி எழுந்தாள். அவள் சின்ன வயசில் ஹிந்திப் பிரசார சபாவில் மத்தியமா வரைக்கும் பாஸ் பண்ணியவள். எழுத்தில் பாஸ், பேச்சு அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை. 'யஹ் ஏக் மேஜ் ஹை' என்பதற்கு மேல் அவள் பேசி நான் கேட்டதில்லை. அந்த மூலதனத்தோடு பின்வாசல் வழியாகப் போனாள். ஒரு அரைமணி கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"எழுந்திருடீ. காலின்னா அவங்க பாஷையில நாளைக்குன்னு அர்த்தம். 'காலி ஆசிபி'ன்னு சொல்லியிருக்கா. நாளைக்கு வரேன்னு. இன்னிக்குத் தம்பிக்கு ஜுரம், அதான் விளையாட வரலை."

சோபாவிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. டைரியில் பெரிய எழுத்தில் ஏறியது: 'காலி = நாளைக்கு'. மறுநாள் அதன் கீழே ஒரு திருத்தம்: 'நேத்திக்கும் காலிதான்'. நேற்றைக்கும் நாளைக்கும் ஒரே வார்த்தை. எது என்பதை மேற்கொண்டு பேச்சைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என் மகளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஹோம்வொர்க் எப்போ முடிப்பே என்றால், "காலி" என்றாள் கூசாமல்.

அந்த ஜுரத்திலிருந்துதான் பெரிய கேள்வி கிளம்பியது. தம்பிக்கு ஜுரம் என்றால் அக்கா ஏன் வரவில்லை? ஏனென்றால் அம்மா ஷிப்டுக்குப் போயிருந்தாள். அப்போ ஸ்கூல் இருக்கிற நாளில் தம்பியை யார் பார்த்துப்பாங்க? அக்காதான். அப்போ அக்கா எப்போ ஸ்கூலுக்குப் போவா?

"அவ போறதில்லைப்பா. அங்க மூணாவது படிச்சாளாம். இங்க வந்து ஒரு வருஷமா லீவுதானாம்."

மகள் இதைச் சொன்ன தொனியில் முதலில் ஒரு சின்னப் பொறாமைகூட இருந்தது. ஒரு வருஷ லீவு! அப்புறம் எங்கோ கணக்கு உதைத்திருக்கிறது. சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே கேட்டாள்: "அப்போ அவளுக்கு லீவு முடியவே முடியாதா?"

ஞாயிற்றுக்கிழமை அந்த அப்பாவோடு பேசினேன். முப்பது வயசு இருக்கும். ஏழு வருஷமாக ஊர் ஊராக வெல்டிங். தமிழும் ஹிந்தியும் கலந்து, ரொம்ப மரியாதையாகப் பேசினார். "டி.சி. இல்ல சார். ஊர்ல இருக்கு. டி.சி. இல்லாம ஸ்கூல் எடுக்காதுன்னு சொன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

"எல்லாரும்."

இந்த 'எல்லாரும்' என்கிற ஆசாமியைத்தான் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. ஆறிலிருந்து பதினாலு வயசு வரை எந்தக் குழந்தையையும் டி.சி. வரவில்லை, பிறந்த சர்டிபிகேட் இல்லை என்று அரசுப் பள்ளியில் திருப்பி அனுப்பக் கூடாது. வயசுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பின்தங்கியிருந்தால் தனியாகச் சொல்லிக் கொடுத்துக் கைதூக்க வேண்டும். இதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. வாஷருக்கு நம்பர் ஒட்டுகிற ஊரில் இந்தத் தகவல் மட்டும் எந்த நோட்டீஸ் போர்டிலும் ஒட்டப்படாதது ஏனோ தெரியவில்லை. கம்பெனி கேட்டுக்கு கேட் 'ஹெல்மெட் அணியவும்' என்று ஏழு மொழியில் எழுதிவைக்கத் தெரிகிறது.

மகள் ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தாள். சிநேகிதி அவள் பள்ளியில், அவள் வகுப்பில், அவள் பெஞ்சில். பக்கத்து ஸீட்காரியை எழுப்பி எங்கே உட்காரவைப்பது என்பது வரைக்கும் பிளான் ரெடி.

"உங்க ஸ்கூல்ல ஃபீஸ் ஜாஸ்திம்மா. அவங்க அப்பாவால கட்ட முடியாது. அவ பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துல சேரட்டும்."

"நல்ல ஸ்கூலா?"

"நல்ல ஸ்கூல்தான்."

"ஃபீஸ் கிடையாதா?"

"கிடையாது."

"அப்போ நானும் அங்கயே சேர்ந்துக்கறேனே. ஃபீஸ் மிச்சம்."

நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன். மனைவி அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஒருவழியாக, 'தினமும் சாயங்காலம் மாடியில் அவளுக்கு டியூஷன் எடுக்க நீதான் வேணும்' என்று டீச்சர் பதவி கொடுத்துச் சமாளித்தோம். பதவி என்றால் யாருக்கும் ஒரு சபலம். மே கடைசியில் மாடிப் பள்ளிக்கூடம் ஆரம்பமானது. பாடப் புத்தகம் கிடையாது. சாலையில் போகிற பஸ் போர்டுதான் பாடம். 'வல்லம்' முதல் நாளே வந்துவிட்டது. 'ஒரகடம்' ரெண்டு நாள். 'படப்பை', 'மாம்பாக்கம்' எல்லாம் ஜுஜுபி. 'சுங்குவார்சத்திரம்' மட்டும் ஒரு வாரம் இழுத்தது. பஸ் வேகமாகப் போனால் 'சுங்கு'வோடு நின்றுவிடும். எழுத்துக்கூட்டி அதை முழுசாகப் படித்த அன்று கீழே பெட்டிக்கடை வரைக்கும் கூச்சல் கேட்டது. சுங்குவார்சத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழில் மேற்கொண்டு பயப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி.

ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்தது. அரை நாள் லீவு போட்டு நானும் கூடப் போனேன். தலைமை ஆசிரியை ஐம்பது வயசுக்காரர். பெண்ணைப் பார்த்தார், இடுப்பிலிருந்த தம்பியைப் பார்த்தார்.

"இவனும் சேரணுமா?"

"இவனால்தான் டீச்சர் இவ சேரலை" என்றாள் என் மகள். (அவளுக்கு அன்றைக்குப் பள்ளி திறக்கவில்லை. ரெண்டு நாள் கழித்து. வராமல் இருப்பாளா?)

"பக்கத்துலயே அங்கன்வாடி. ரெண்டு வயசு ஆனாப் போதும். அவனை அங்க விட்டுட்டு நீ இங்க வா. வாரம் மூணு முட்டை போடறாங்க, சாப்பிடுவானா?"

அம்பயர் கை தட்டினான்.

அம்மாவுக்கு இருந்த பயம் காலைச் சாப்பாடு. அவள் போவது விடிகாலை ஷிப்ட், சமைக்க நேரமில்லை. 2022 செப்டம்பரில் ஆரம்பித்து, 2023-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டத்தைத் தலைமை ஆசிரியை விளக்கினார். உப்புமா, கிச்சடி, பொங்கல். அந்த அம்மா மூணு தடவை "ஃப்ரீ?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

பிறகு ரிஜிஸ்தரைப் பிரித்தபடி தலைமை ஆசிரியை அப்பாவிடம் கேட்டார்: "எத்தனை நாள் இருப்பீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த திருவள்ளுவரைப் பார்த்தேன்.

"காண்ட்ராக்ட் தீபாவளி வரைக்கும் மேடம். அப்புறம் தெரியாது. கம்பெனி சொல்லணும்."

"சரி. இருக்கிற வரைக்கும் படிக்கட்டும். ஆனா ஒண்ணு. ராத்திரியோட ராத்திரியா கிளம்பிடாதீங்க. போறதுக்கு முன்னால இங்க வந்து சொல்லுங்க. டி.சி. நான் எழுதித் தரேன். அடுத்த ஊர்ல அதைக் காட்டினா யாரும் வாயைத் திறக்க முடியாது."

அப்பா தலையாட்டினார். தலைமை ஆசிரியை பெயரைத் தமிழில் எழுதிவிட்டு, சரியா என்று அந்தப் பெண்ணிடமே காட்டினார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்து, ஒரு கொம்பு விட்டுப்போனதைக் கண்டுபிடித்தாள். டீச்சர் திருத்திக்கொண்டார். என் மகள் எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, சுங்குவார்சத்திரமே அவள் கட்டினது மாதிரி.

இது நடந்து சில மாதம் ஆகிறது. காலையில் இவள் வேனில் போகிறாள், அவள் தம்பியோடு நடந்து போகிறாள். சாயங்காலம் மாடியில் மாறி மாறி யார் டீச்சர் என்பதில் தகராறு. அவள் கணக்கில் புலி. இவளுக்கு வகுத்தல் அவள்தான் சொல்லித் தருகிறாள், ஒடியாவில். மீதி வந்தால் மட்டும் தமிழ்.

காண்ட்ராக்ட் நீடிக்கும் என்கிறார்கள், ஓசூர் என்கிறார்கள், புனே என்கிறார்கள். பெரியவரின் அட்டை இப்போதைக்கு 'ரூம் இல்லை' பக்கம் தொங்குகிறது. ஆபீஸ் விட்டு வரும்போது முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக் கேட்டைத் திறக்கிறேன்.

மகள் அடுத்த கோடை விடுமுறைக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறாள். சிநேகிதி எந்த ஊரில் இருந்தாலும் ஏப்ரலில் அவள் பாட்டி வீட்டுக்கு வந்துவிடுவாளாம். அங்கே போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான் பாக்கி. சென்ட்ரலில் கோரமண்டல் ஏறினால் பிரம்மபூரில் இறங்கலாம். இப்போதே டிக்கெட் எடுக்கச் சொல்லி உயிரை எடுக்கிறாள்.

"இப்போ எடுக்க முடியாதும்மா. முன்னெல்லாம் 120 நாள் முன்னால எடுக்கலாம். 2024 நவம்பர்லேர்ந்து 60 நாள்தான்."

விரல் விட்டு எண்ணினாள். ரேழிக் காலண்டருக்கு முன்னால் நின்று பார்த்தாள். அதில் டிசம்பர் வரைதான் இருந்தது. பால் பாயின்ட் பேனாவால் பக்கத்துச் சுவரிலேயே ஒரு கட்டம் போட்டு, பிப்ரவரி என்று எழுதி, வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். மனைவி அதை இன்னும் அழிக்கவில்லை.